மொச்சைக்கொட்டை மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் லுங்கித் தறி நெய்கிறார். அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி, எனக்குத் தாய்மாமன். பையனுக்கு மூன்றரை வயது. போன ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரிக்குக் காவடி எடுக்கக் கிளம்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் வேட்டியை எடுத்தோம். அந்தச் சந்தடியில் பையன் ஒரு பாச்சை உருண்டையை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டான். பார்த்ததும் துப்ப வைத்தோம், அதற்குள் பாதி கரைந்திருந்தது. அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தான். மூன்றாம் நாள் சிறுநீர் டிகாஷன் மாதிரி போனது. கண் மஞ்சள், முகம் வெள்ளைத்தாள். மாமியார் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மறுநாள் மூச்சு வாங்கியது, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஹீமோகுளோபின் 4.8. ரத்தம் ஏற்றிய பிறகு ஜி6பிடி சோதனை எடுத்தார்கள், நார்மல் என்று வந்தது. நாலு மாதம் கழித்து வேறு இடத்தில் எடுத்ததில் மிகக் குறைவு என்று வந்தது. ஜீன் சோதனையில் ‘செரின் 188 ஃபீனைல்அலனின்’ என்று எழுதியிருக்கிறது. எது சரி? முந்தின நாள் மொச்சைக் குழம்பு சாப்பிட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். தங்கச்சி அனுப்பிய வாட்ஸ்அப் பட்டியலில் அறுபது பொருள் சாப்பிடக் கூடாது என்று இருக்கிறது. நான் இப்போது ஏழு மாதம். என்ன செய்வது? பையன் இப்போது ஓடியாடி விளையாடுகிறான்.

பதில்: அந்தக் கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்கலாம் அம்மா. ஹீமோகுளோபின் 4.8 என்று படித்ததும் எனக்கே ஒரு நிமிடம் திக்கென்றது.

காரணம் பாச்சை உருண்டைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொச்சைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பொங்கலுக்கு முள்ளுக் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தால் பையனுக்கும் ஊற்றுங்கள். இந்த மொச்சைக் கதைக்கு அப்புறம் வருகிறேன், அதில் நான் செய்த தப்பு ஒன்றும் இருக்கிறது.

முதலில் அந்த ‘செரின் 188 ஃபீனைல்அலனின்’. பார்க்கப் பயமாக இருக்கும், விஷயம் சின்னது. நம் உடம்பில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி, அதாவது என்சைம், இருக்கிறது. பெயர் நீளம் என்பதால் டாக்டர்கள் ஜி6பிடி என்று சுருக்கிவிட்டார்கள். நொதி என்பது ஒரு புரதம். 515 அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, அந்தச் சரத்தை ஒரு குறிப்பிட்ட விதமாக மடித்தால் அதுதான் இந்த ஜி6பிடி. எந்த இடத்தில் எந்த அமிலம் வர வேண்டும் என்பது ஜீனில் எழுதியிருக்கிறது. 188-ஆவது இடத்தில் செரின் வர வேண்டும். உங்கள் பையனுக்கு அங்கே ஃபீனைல்அலனின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. ‘டிசிசி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘டிடிசி’. அவ்வளவுதான் பிழை.

515-இல் ஒன்று மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவருக்குச் சட்டென்று புரியும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒரே ஒரு இடத்தில் நூலுக்குப் பதில் சணல் வந்துவிட்டால், அச்சுப் பல்லில் அது சிக்கும், பக்கத்து இழைகளை இழுக்கும், நாடா போகும் வழியே கெடும். செரின் சிறியது, தண்ணீரோடு ஒத்துப்போகும். ஃபீனைல்அலனின் பெரியது, தண்ணீரை விரும்பாத ஒரு வளையத்தைச் சுமந்துகொண்டு வரும். சிறியவர் உட்கார வேண்டிய இடத்தில் பெரியவர் உட்கார்ந்ததும் மடிப்பு தளர்ந்துவிடுகிறது. நொதி உருவாகத்தான் செய்கிறது, ஆனால் சீக்கிரம் கெட்டுப்போகிறது. இந்த வகைக்கு மெடிட்டரேனியன் என்று பெயர். மத்திய தரைக்கடல் நாடுகளில் முதலில் கவனித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, மற்றபடி நம் நாட்டிலும் பரவலாகக் காணப்படுவதுதான். நம் நாட்டில் அடிக்கடி அகப்படும் இன்னொன்று ஒரிசா வகை. அதில் 44-ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் கிளைசின். மூன்றாவது கேரளா-கல்யாண் வகை. ஒரே நொதிதான், பழுது வேறு வேறு இடத்தில்.

சரி, இந்த நொதி உடம்பில் எல்லா செல்லிலும் இருக்கிறதே, ரத்தம் மட்டும் ஏன் அடிபட வேண்டும்? எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கல்லீரல் செல்லையோ தோல் செல்லையோ எடுத்துக்கொண்டால், நொதி கெட்டுப்போனால் அது வேறொன்று செய்துகொள்ளும். செய்முறை எழுதிய ஜீன் உள்ளேயே இருக்கிறது. சிவப்பணு அப்படியில்லை. எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரும்போதே அது தன் உட்கருவைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வருகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே. பிறந்த வீட்டில் கட்டிக் கொடுத்த சோற்றுமூட்டையை வைத்துக்கொண்டு 120 நாள் ஓட்ட வேண்டிய நிலை அதற்கு. நல்ல நொதியாக இருந்தால் 120 நாளும் தாங்கும். உங்கள் பையனின் மூட்டை சில நாளிலேயே ஊசிப்போய்விடுகிறது.

அந்த நொதியின் வேலை என்ன? சிவப்பணுவுக்குள் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து இருக்கின்றன. இரும்பும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும் என்று நமக்குத் தெரியும். ஏறக்குறைய அதே வம்பு செல்லுக்குள்ளும் உண்டு. அதைத் தடுக்கக் குளுட்டாதயோன் என்று ஒரு காவல்காரன். அவன் ஒவ்வொரு முறை வேலை செய்ததும் களைத்துப்போவான். மறுபடி தெம்பூட்ட என்ஏடிபிஎச் என்ற ஒரு பொருள் வேண்டும். சிவப்பணுவில் அதற்கு இருக்கும் வழி, ஜி6பிடி தொடங்கி வைக்கும் பாதை ஒன்றுதான். மற்ற செல்களுக்கு மாற்று வழி உண்டு, இதற்குக் கிடையாது. சாதாரண நாட்களில் உங்கள் பையனிடம் இருக்கும் கொஞ்ச நஞ்ச நொதியே போதும். அதனால்தான் மூன்றரை வருடம் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் உள்ளே போய் உடைந்து, துருப்பிடிக்கச் செய்யும் சரக்காக மாறி, மொத்தமாக வந்து விழுந்ததும் காவல்காரன் சோர்ந்துவிட்டான். ஹீமோகுளோபின் கெட்டு, கட்டி கட்டியாகச் செல்லின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிகளை மண்ணீரல் பிய்த்து எடுக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு ஒவ்வொன்றும் எலி கடித்த பிஸ்கட் போல இருக்கும். மிச்சம் உடைந்து சிறுநீரில் இறங்கும். நீங்கள் பார்த்த டிகாஷன் நிறம் அதுதான். நாப்தலின் உடைந்து இந்த வேலையைச் செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால் முதல் நாள் அவன் நன்றாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இதிலேயே கீழாநெல்லிக்கும் பதில் இருக்கிறது. உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை. நம் பக்கம் கண் மஞ்சளானால் கீழாநெல்லி என்பது பாலோடு வந்த பழக்கம். ஆனால் இது கல்லீரல் கெட்டு வந்த காமாலை இல்லை. ரத்தம் உடைந்து, அந்தக் குப்பை மஞ்சளாகத் தேங்கிய காமாலை. கல்லீரல் நன்றாகத்தான் இருந்தது, வேலைதான் தலைக்கு மேல் வந்துவிட்டது. அன்றைக்குப் போன ஒரு நாள்தான் உங்களுக்கு நஷ்டம். கண் மஞ்சளோடு முகமும் வெளுத்து, சிறுநீரும் கறுத்திருந்தால் மந்திரிக்கவோ, மருந்து அரைக்கவோ, கையில் சூடு போடவோ நேரம் கிடையாது. நேராக ஆஸ்பத்திரி, அதுவும் ரத்தம் ஏற்றும் வசதி உள்ள ஆஸ்பத்திரி.

இரண்டு சோதனையில் எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரி. முதல் சோதனை உங்கள் பையனுடையது இல்லை, அவ்வளவுதான். ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியில் பாதிக்கு மேல் யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த சிவப்பணுக்கள். அவர் நொதி நன்றாக இருந்தது என்றுதான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. ஏற்றாமல் விட்டிருந்தாலும் அந்த நேரத்துச் சோதனையை முழுதாக நம்ப மாட்டேன். நொதி குறைந்த கிழட்டுச் செல்கள் முதலில் உடைந்துபோய், புதிதாகப் பிறந்த இளம் செல்கள் நிறைய ஓடும். இளம் செல்லில் நொதி கூடுதலாக இருக்கும், அளவு உள்ளதைவிட நன்றாகத் தெரியும். பையனுடைய மெடிட்டரேனியன் வகையில் இந்த ஏமாற்று குறைவு, மற்ற வகைகளில் அதிகம். ரத்தம் ஏற்றும் முன்பே ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்க வேண்டும். நார்மல் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பியது தப்பு. அந்தத் தாளை நம்பி நீங்கள் நாலு மாதம் அதே பெட்டியை அதே உருண்டையோடு வைத்திருந்திருப்பீர்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எதிர்காலத்தில் எந்த டாக்டராவது அதைப் பார்த்து ஏமாறுவார்.

இப்போது மொச்சை. இந்த நோய் இருப்பவர்களுக்கு ஆகாத ஒரு பயறு உண்மையிலேயே உண்டு. அதன் தாவரப் பெயர் விசியா ஃபாபா. வடக்கே பாக்லா என்பார்கள். அதில் வைசின், கான்வைசின் என்று இரண்டு பொருள் இருக்கின்றன. இந்த நொதி குறைந்தவர்களுக்கு அவை பாச்சை உருண்டை செய்ததையே செய்யும். இத்தாலி, கிரீஸ், ஈரான் பக்கம் இது பிரதான உணவு என்பதால் அங்கே இந்தக் கதை ரொம்பப் பழசு. ஆங்கிலத்தில் அதற்கு ஃபாவா பீன்ஸ் என்றும் பிராட் பீன்ஸ் என்றும் பெயர். வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் சூப்பர் மார்க்கெட்டுகளில் அவரைக்காய்க்கு என்ன சீட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள், பல இடங்களில் பிராட் பீன்ஸ் என்றுதான் இருக்கும். ஆங்கிலப் பட்டியலில் பிராட் பீன்ஸ் என்பதைப் பார்த்த யாரோ அதை அவரை என்று தமிழாக்கினார்கள். அவரையின் உடன்பிறப்பு மொச்சை என்று அதையும் சேர்த்தார்கள். அப்புறம் பயறு எல்லாமே ஆகாது என்று துவரம்பருப்பு வரை வந்துவிட்டது. அவரையும் மொச்சையும் வேறு செடி, லாப்லாப் இனம். வைசின் சமாசாரம் அதற்குக் கிடையாது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். படித்து முடித்த புதிதில் ஆம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு, அவரை, மொச்சை, காராமணி எதுவும் கூடாது என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதிக் கொடுத்தேன். ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பையனோடு அவன் பாட்டி வந்தார். “பருப்பு இல்லாம புள்ளைய வளர்க்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா சார்” என்று கேட்டார். பையன் ஒல்லியாக இருந்தான். கறியும் மீனும் தினம் வாங்க முடியாத வீட்டில் நான் புரதத்தைப் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் தாவரப் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். அதனால் உங்கள் தங்கச்சி அனுப்பிய அறுபது பொருள் பட்டியலைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். துவரை, உளுந்து, கடலை, பாசிப்பயறு, காராமணி, பட்டாணி, சோயா எல்லாம் சாப்பிடலாம். எலுமிச்சை, நெல்லிக்காய் பயமும் வேண்டாம். பாகற்காய் விதையில் கொஞ்சம் வைசின் இருக்கிறது. விதையை வழித்துப் போட்டுவிட்டுத்தானே சமைக்கிறோம், அது போதும். உண்மையில் பார்க்க வேண்டியது, வடநாட்டு மிக்சர் வகைகளிலும் வறுத்த பயறுப் பொட்டலங்களிலும் தட்டையாகப் பெரிதாகக் கிடக்கும் பாக்லாவை. பொட்டலத்தில் ஃபாவா என்றோ பிராட் பீன்ஸ் என்றோ போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

சாப்பாட்டைவிட மருந்துதான் முக்கியம். இந்த நோயே மருந்தால்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் இலினாய்ஸ் சிறைக் கைதிகளுக்கு பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்கு மட்டும் ரத்தம் உடைந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்து, 1956-இல் இந்த நொதிக் குறைவு என்று கண்டார்கள். அந்தப் பிரைமாகுயின் இன்றும் நம் ஊரில் புழக்கத்தில் இருக்கிறது. பையனுக்கு என்றாவது வைவாக்ஸ் மலேரியா வந்தால், சுகாதாரத் துறையிலிருந்து பதினாலு நாள் மாத்திரை கொடுக்க வருவார்கள். அவர்கள் நல்லதுக்குத்தான் தருகிறார்கள். நீங்கள்தான் “இவனுக்கு ஜி6பிடி குறைவு” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். டாக்டர் பார்வையில் வாரம் ஒரு வேளை வீதம் எட்டு வாரம் கொடுக்கும் மாற்று வழி உண்டு. குளோரோகுயின் வழக்கமான அளவில் பிரச்சினை இல்லை.

இரண்டாவது டாப்சோன். கரிகிரி என்றாலே நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தொழுநோய் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அந்த நோய்க்கான கூட்டு மருந்தில் டாப்சோன் ஒன்று. சில தோல் வியாதிகளுக்கும் அதை எழுதுவார்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரன்டாயின், விஷ முறிவாகச் சில நேரம் ஊசியில் போடும் மெத்திலீன் புளூ, புற்றுநோய் சிகிச்சையில் வரும் ராஸ்புரிகேஸ், மலேரியாவுக்கே புதிதாக வந்திருக்கும் டாஃபெனோகுயின் ஆகியவையும் கூடாதவை. சல்ஃபா வகை மருந்துகளையும் டாக்டரைக் கேட்காமல் தர வேண்டாம். பாராசிட்டமால் தைரியமாகக் கொடுக்கலாம், வயதுக்கேற்ற அளவில். காய்ச்சலை மருந்து கொடுக்காமல் வளரவிடுவதுதான் ஆபத்து. ஏனென்றால் மருந்தே இல்லாமல் வெறும் தொற்றும் ரத்தத்தை உடைக்கும். அந்தத் தொற்று டைஃபாய்டு, நிமோனியா, கல்லீரல் அழற்சி எதுவாகவும் இருக்கலாம். தடுப்பூசி எதையும் விடாதீர்கள், எல்லாம் போடலாம். ஹெபடைடிஸ் ஏ ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். என்ன கலந்தது என்று தெரியாத சூரணமும் லேகியமும் மட்டும் வேண்டாம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை, பொட்டலத்தில் பெயர் எழுதாத எதையும் இவனுக்குத் தரக்கூடாது என்பதுதான்.

ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘ஜி6பிடி குறைவு, மெடிட்டரேனியன் வகை’ என்று எழுதி, கூடாத மருந்துகளின் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்கி, லேமினேட் செய்து வையுங்கள். ஒரு படம் உங்கள் போனில், ஒன்று வீட்டுக்காரர் போனில். மருந்துக்கடையில் “காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று இவனுக்காக இனி வாங்கக் கூடாது. தினசரி மருந்து எதுவும் இவனுக்குத் தேவையில்லை. இரும்புச்சத்து டானிக்கும் அதற்காக வேண்டியதில்லை. பள்ளிக்கூடம், ஓட்டப்பந்தயம், கபடி எல்லாம் உண்டு.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? இதற்கு நேரடியாகப் பதில் சொன்னால் இல்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சுற்று இருக்கிறது, அதனால் கவனமாகப் படியுங்கள்.

இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து மட்டும். அப்பாவிடமிருந்து வருவது ஒய். ஆகவே உங்கள் பையனுக்கு இது உங்கள் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். நீங்கள் மாமனைக் கட்டியிருந்தாலும் மதுரையிலிருந்து யாரையோ கட்டியிருந்தாலும் இந்தப் பையனுக்கு இருக்கும் வாய்ப்பு ஒன்றேதான். ‘அம்மாவிடமிருந்து வந்தது’ என்று படித்ததும் மனசு கனக்கும் என்று தெரியும். உங்களுக்கு இரண்டு எக்ஸ், ஒன்று நல்லது, அதனால் உங்களுக்கே தெரியாமல் இருந்தது. உங்களுக்கு அது யாரோ கொடுத்ததுதான். உங்கள் அப்பா கொடுத்திருக்கலாம், அல்லது அம்மா. அம்மா என்றால் அவருக்குக் கொடுத்தது உங்கள் தாத்தா அல்லது ஆயா. அந்த ஆயாதான் உங்கள் மாமியார். “எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது” என்று அவர் சொல்லியிருந்தால், கொஞ்சம் பொறுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. உங்கள் ஆயாவிடம் இந்த மாற்றம் இருந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களில் எத்தனையோ பேர் இதை வைத்துக்கொண்டு எழுபது வயது வரை தெரியாமலே இருந்துவிடுகிறார்கள். அவருக்கு ஒரு சாதாரண ஜி6பிடி அளவு சோதனை எடுங்கள். ஜீன் சோதனை வரை போக வேண்டாம். அவர் அளவு சரியாக இருந்தால், பிறக்கப் போவது பெண்ணாக இருந்தால் உங்களைப் போலச் சுமக்கிறவளாக இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாமலிருக்கப் பாதி. அவருக்கும் குறைவு என்றால் கணக்கு மாறும். அப்பாவின் எக்ஸ் மகளுக்குக் கட்டாயம் போகும். உங்களிடமிருந்தும் மாறிய எக்ஸ் போனால் பெண்ணுக்கு இரண்டும் பழுது, பையனைப் போலவே அவளும். தாய்மாமன் கல்யாணம் இந்த நோயில் நுழையும் இடம் இதுதான், பெண் குழந்தை வழியாக. ஆணாகப் பிறந்தால் உங்கள் வீட்டுக்காரர் எப்படி இருந்தாலும் பாதிக்குப் பாதிதான். இதைச் சொன்னதால் மாமன் கல்யாணத்துக்கு நான் சான்றிதழ் கொடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பா அம்மா இருவரிடமும் ஒரே பழுது சேர்ந்தால் வரும் வேறு வளர்சிதை மாற்ற நோய்கள் ஏராளம், சொந்தத்தில் அவற்றின் வாய்ப்பு கூடத்தான் செய்யும். உங்களுக்குக் கூடப்பிறந்த தம்பிகள் இருந்தால், அக்கா தங்கச்சிக்குப் பையன்கள் இருந்தால், அவர்களையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இது நம் குடும்பத்துக்கு மட்டும் வந்த சாபம் என்று யாராவது பேசினால், உலகத்தில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்த நொதிக் குறைவு இருக்கிறது என்று சொல்லுங்கள். மலேரியா நிறைய இருந்த ஊர்களில்தான் இது அதிகம். இந்தக் குறைவு கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றியதால் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. உங்கள் முப்பாட்டிகளில் யாரையாவது அது காப்பாற்றியும் இருக்கலாம்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். பிரசவத்துக்குப் போகும் ஆஸ்பத்திரியில் இப்போதே சொல்லி, ஓபி சீட்டில் எழுத வையுங்கள். பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே நொதி அளவு பார்க்கலாம். ஆண் குழந்தையானால் தெளிவாகத் தெரிந்துவிடும். பெண்ணானால் அளவு நடுவில் நின்று குழப்பும், அப்போது ஜீன் சோதனை தேவைப்படலாம். இதைவிட முக்கியம் முதல் ஒரு வாரம். இந்தக் குறைவு உள்ள பச்சைக்குழந்தைக்குக் காமாலை ஏறினால் வேகமாக ஏறும். அளவு மீறினால் மூளையில் படியும், காது கேட்காமல் போகலாம், கை கால் இழுத்துக்கொள்ளலாம். அதனால் வீட்டுக்கு அனுப்பும் முன் பிலிருபின், அதாவது ரத்தத்தில் தேங்கும் அந்த மஞ்சள் பொருளின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். வந்த இரண்டாம் நாளே மறுபடி காட்டுங்கள். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று யார் சொன்னாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். நீல விளக்கு வைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பால் கொடுக்கும் காலத்தில் பாக்லாவும் மேலே சொன்ன மருந்துகளும் உங்களுக்கும் ஆகாது.

ஆடியில் மருதாணி வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். பையனுக்கும் கைக்குழந்தைக்கும் அதை விட்டுவிடுங்கள். மருதாணியின் சிவப்புக்குக் காரணமான லாசோன் என்ற பொருள் நாப்தலினுக்கு வேதியியலில் ஒன்றுவிட்ட உறவு. தோல் வழியாக ஏறி, இந்த நொதி குறைந்த குழந்தைகளுக்கு ரத்தத்தை உடைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு உள்ளங்கால் முழுக்கப் பூசுவதுதான் குறிப்பாக ஆபத்து. நீங்கள் உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக அந்த டிரங்குப் பெட்டி. உருண்டையைத் தின்றால்தான் கெடுதல் என்று நினைக்காதீர்கள். நாப்தலின் ஆவியாகித் துணியில் ஏறும், மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும். எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் சுலபமாக ஏறும். நம் வீடுகளில் பச்சைக்குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, எதில் சுற்றுவோம்? பெட்டியிலிருந்து எடுத்த ஆயாவின் பழைய நூல் புடவையில்தான், மெத்தென்று இருக்கும் என்று. ஆகவே வீட்டில் இருக்கும் உருண்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள், பீரோ, கழிவறை, வாஷ்பேசின் எல்லா இடத்திலும். உங்கள் அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் சொல்லுங்கள், இரண்டும் ஒரே குடும்பம் என்பது இதில் சௌகரியம். பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலையும், துணியில் முடிந்த வசம்பும் போட்டு வைக்கலாம், முடிச்சைப் பையன் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறக்கப் போகிற குழந்தைக்கு ஆயா புடவைதான் வேண்டுமென்றால் இன்றைக்கே வெளியே எடுத்து, சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை துவைத்து, ஒரு வாரம் கொடியில் வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். முகர்ந்து பார்த்தால் அந்த வாசனை துளியும் வரக் கூடாது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, நேரம் தாராளம்.